வயிற்றிலேயே குழந்தை இறப்பது: முன்னும் பின்னும் நாம் செய்யும் தவறுகள்

28 வாரம் கடந்த குழந்தை வயிற்றிலேயோ பிரசவத்தின்போதோ இறந்து பிறப்பதை நம் ஊரில் பெரும்பாலும் விதி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள் இப்படி இறந்து பிறக்கின்றன. அவற்றில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல், பிரசவ வலி தொடங்கிய பிறகு இறந்தவை. வலி எடுக்கும்போது அந்தக் குழந்தைகளுக்கு உயிர் இருந்தது. எல்லா இறப்பையும் தடுக்க முடியாது. எவ்வளவு கவனமாக இருந்த வீட்டிலும் இது நடக்கும், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தடுத்திருக்கக் கூடிய இறப்புகள் பலவற்றில் கர்ப்பிணி ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார், சுற்றியிருந்தவர்கள் அதைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

"காலைல இருந்து பிள்ள அசையவே இல்லத்தே" என்று மருமகள் சொல்கிறாள். "மாசம் ஆயிருச்சுல்ல, உள்ள எடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வருகிறது. மதுரைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. அன்போடு சொல்வதுதான், ஆனால் தவறான தகவல். மாதம் ஏற ஏற அசைவின் விதம் மாறலாம். உதைப்பது போய்ப் புரள்வது, தள்ளுவது போல் தெரியலாம். அசைவு குறையக் கூடாது. பிரசவ வலி வரும்வரை குழந்தை அசைந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

ஏழாம் மாதத்திலிருந்து உங்கள் குழந்தை எந்த நேரத்தில் அதிகம் துள்ளும், எப்போது தூங்கும் என்பதைக் கவனித்துப் பழகிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஒருக்களித்துப் படுத்து, போனை ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றிலேயே கவனத்தை வையுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு தெரியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கணக்கு சரியாக வந்தும் 'வழக்கம் போல இல்லையே' என்று மனசுக்குப் பட்டால் அதுவும் கிளம்புவதற்குப் போதுமான காரணம். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்ப்பது, இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்பது என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமை வரட்டும் என்று காத்திருப்பது பெரிய ஆபத்து. ராத்திரி 2 மணி ஆனாலும் 108-ஐக் கூப்பிடலாம். மதுரை பெரியாஸ்பத்திரியில் பிரசவப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. போன வாரம் போய் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்றால், இந்த வாரம் கூச்சப்படாமல் மறுபடியும் போங்கள். திரும்பத் திரும்ப அசைவு குறைவதே ஓர் எச்சரிக்கை. வீட்டில் கருவி வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு நிம்மதியாவதும் தவறுதான். துடிப்பு இருக்கும்போதே குழந்தை தவித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது, பரிசோதனையைச் சடங்கு போல முடிப்பது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். குமட்டுகிறது, நேரமாகிறது என்று பலர் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ரத்த அழுத்தமும் அப்படித்தான். 140/90-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் என்று வந்தால் அதைப் பித்தம் என்று சொல்லிச் சுக்குக் காப்பி கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் சொன்னால் சில வீடுகளில் கோபம் வருகிறது. சிபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசியிலேயே குணப்படுத்தி, குழந்தையையும் காப்பாற்ற முடியும். கோபத்துக்கு அதில் இடமே இல்லை.

மல்லாந்து படுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுங்கள், இடமோ வலமோ எதுவானாலும் சரி. நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்திருக்கிறீர்களா? பயப்படாமல் திரும்பிப் படுத்தால் போதும்.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் நடக்கும் ஒரு தவறு எனக்கு மிகவும் கவலை தருவது. திருப்பூரிலோ சென்னையிலோ மாதாமாதம் பரிசோதனைக்குப் போனவர், பேரையூருக்கோ மேலூருக்கோ வரும்போது பழைய ஸ்கேனும் அட்டையும் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. இங்கே இருக்கும் மருத்துவருக்குக் குழந்தை போன மாதம் எவ்வளவு வளர்ந்திருந்தது என்று தெரியாது. வளர்ச்சி நின்றுபோன குழந்தையைக் கண்டுபிடிக்க அந்த ஒப்பீடுதான் வழி. முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இல்லாவிட்டால் தேதியும் குழம்பும். 41 வாரத்துக்கு மேல் போவது ஆபத்தைக் கூட்டும் என்பதால் தேதி முக்கியம். வந்த வாரத்திலேயே பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைக்கும் எண்) உள்ளூர் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் தேதி இருந்தால், அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் எந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, துடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு நடப்பவை.

முதல் தவறு, தாயைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்வது. வராந்தாவில் கணவரையும் மாமனாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவளிடம் "ஒண்ணுமில்லமா" என்பார்கள். சுற்றியிருப்பவர் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிடும். உட்கார்ந்து, பக்கத்தில் அவள் விரும்பும் ஆளை வைத்துக்கொண்டு, 'குழந்தை இறந்துவிட்டது' என்று தெளிவாக, மெதுவாகச் சொல்வதுதான் மரியாதை.

இரண்டாவது, "விஷம் ஏறிரும், உடனே ஆபரேஷன் பண்ணி எடுத்துருங்க" என்று குடும்பம் நெருக்குவது. ரத்தப்போக்கு, காய்ச்சல், உயர் ரத்த அழுத்தம் போன்றவை இல்லாதவரை ஒன்றிரண்டு நாள் தாமதத்தில் விஷம் ஏறுவதில்லை. பெரும்பாலும் மருந்து கொடுத்து வலி வரவைத்து, சுகப்பிரசவமாக எடுப்பதே தாய்க்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நல்லது. அந்த வலியைக் குறைக்க மருந்து கேட்பதும், துணைக்கு ஒருவர் கூட இருப்பதும் அவள் உரிமை. மற்ற தாய்மார்களும் பச்சைக் குழந்தைகளும் இருக்கும் வார்டிலேயே அவளையும் படுக்க வைக்காமல், ஒரு திரை மறைவாவது, ஓர் ஓரக் கட்டிலாவது கேட்டு வாங்குங்கள்.

பிறகு, கேட்காமலே குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிடுவது. பார்த்தால் மறக்க மாட்டாள் என்கிறார்கள். பார்க்காத பெண்களும் மறப்பதில்லை. 'நான் முகத்தைக் கூடப் பார்க்கல' என்ற ஏக்கம் வருடக்கணக்கில் கூட வரும். பார்க்கிறாயா, தூக்குகிறாயா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். ஒரு போட்டோ, ஒரு கால் ரேகை எடுத்து வைத்தால் அவள் விரும்பும்போது பார்த்துக்கொள்வாள். புதைகுழி வேலையெல்லாம் முடித்துவிட்டு வரும் கணவரிடமும் யாராவது ஒருவர் "நீ எப்படிப்பா இருக்க?" என்று கேட்க வேண்டும்.

காரணத்தைத் தேடாமல் "கொடி சுத்திருச்சு" என்று முடிப்பதும் தவறு. நலமாகப் பிறக்கும் குழந்தைகள் பலருக்கும் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு. நஞ்சுக்கொடியை மட்டுமாவது பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாய் நெகட்டிவ் ரத்த வகை என்றால், ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்டு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழந்தை இல்லையே என்று இந்த ஊசியை மறந்துவிட்டால் அடுத்த குழந்தை பாதிக்கப்படலாம்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் பால் கட்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அந்த நேரத்தில் அவள் நொறுங்கிப்போகிறாள். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அது வெறும் நம்பிக்கை இல்லை. வேலூர் மருத்துவர்கள் ஆய்வு செய்து, பலன் இருப்பதாக 1988-ல் வெளியிட்டார்கள். குளிர் ஒத்தடமும் உதவும். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுத்தான், அதிலும் ரத்த அழுத்தம் இருந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

"போனது போச்சு, அடுத்த வருஷம் ஒண்ணு பெத்துக்கலாம்", "நாலு பேர் முன்னாடி அழாத", "அவ ராசி அப்படி" இந்த மூன்றையும் யாரும் சொல்ல வேண்டாம். வளைகாப்புக்கும் பெயர் சூட்டலுக்கும் அவளைக் கேட்காமல் ஒதுக்கவும் வேண்டாம். அழைப்பைக் கொடுங்கள், வருவதும் வராததும் அவள் முடிவு. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், வாழப் பிடிக்கவில்லை என்று பேசினால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் லீவு கிடையாது என்று நினைத்துப் பத்தே நாளில் திரும்ப வேண்டாம். மகப்பேறு நலச் சட்டத்தில் 'குழந்தை' என்ற வரையறைக்குள் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும். இறந்து பிறந்ததையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை வாரம், எத்தனை எடை, என்ன காரணம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை கர்ப்பம் தரித்ததும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.