ஒரு பாடத்தை வைத்துத் தொடங்குங்கள்: ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிப்பது எப்படி?

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தெந்தச் செயலிகளைச் சொல்லித் தரலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "வருகிறவர்கள் அடுத்த வாரம் எந்தப் பாடம் நடத்தப் போகிறார்கள்?" பதில் தெரியவில்லை என்றால், முதலில் அதை விசாரித்துவிட்டு அப்புறம் தேதி குறியுங்கள். பத்துச் செயலிகளை வரிசையாகக் காட்டி முடித்தால், ஆசிரியர் கையில் ஒரு பட்டியல் மிஞ்சும். மறுநாள் முதல் பீரியடுக்கு அது உதவாது.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பாடத்தில் பிள்ளைகள் வருஷா வருஷம் தடுமாறுகிற ஓர் இடத்தைச் சொல்லுங்கள். வருகிற பதில்கள் பொக்கிஷம். ஓர் அறிவியல் ஆசிரியர் எழுதியிருந்தார்: "தொடர்ச் சுற்றில் இரண்டு பல்பு போட்டால், முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவதுக்குக் குறைவாகத்தான் போகும் என்று நினைக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை." உலகம் முழுக்க அறிவியல் ஆசிரியர்கள் பார்க்கிற தடுமாற்றம் இது. இதற்குப் பொருத்தமான கருவி இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் இலவசப் பாவனைகளில் (கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கிற சிமுலேஷன்கள்), மின்சுற்றை நாமே கட்டிப் பார்க்கிற ஒன்று உண்டு. பேட்டரி, வயர், பல்பு எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வைக்கலாம். பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டரை வைத்தால் இரண்டிலும் ஒரே அளவுதான் காட்டும்.

இங்கேதான் பயிற்சியின் உயிர் இருக்கிறது. பாவனையை ஓட்டத் தெரிந்துகொள்வது சின்ன வேலை. ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தி, "இரண்டாவது பல்பு எப்படி எரியும்? நோட்டில் எழுதுங்கள்" என்று கேட்கத் தெரிய வேண்டும். ஊகித்து எழுதிய பிள்ளைதான் அம்மீட்டரைப் பார்த்துத் திடுக்கிடும். எழுதாத பிள்ளைக்கு அது வெறும் அனிமேஷன். எந்த இடத்தில் நிறுத்துவது, என்ன கேட்பது என்பதை அந்த ஆசிரியரே உட்கார்ந்து எழுதட்டும். பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் ஆசிரியருக்கான தனி அறிவு இருக்கிறது என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோஹ்லரும் 2006இல் எழுதினார்கள். அந்த இடத்தை ஒரு மின்சுற்றை வைத்தே காட்டிவிடலாம், தனியாக விரிவுரை வேண்டாம்.

சில தடுமாற்றங்களுக்குச் சாக்பீஸே போதும். அப்படி இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் பரிந்துரைக்கிற கருவியை அவர்கள் நம்புவார்கள்.

சரி, பயிற்சி நாள். பாடவாரியாக இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். கணினியில் வேகம் குறைந்தவர் கையில்தான் மவுஸ் இருக்க வேண்டும். வேகமானவர் வாயால் மட்டும் வழிகாட்டட்டும். இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். "எங்கே அழுத்தணும்னு தெரியலையே சார்" என்று ஒருவர் கூப்பிட்டதும் போய் நீங்களே அழுத்திக் கொடுத்தால், அவர் கற்றுக்கொள்ள இருந்ததை நீங்கள் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் நின்று, "திரையில் என்னென்ன தெரிகிறது, வாசித்துச் சொல்லுங்கள் மேடம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் வாசிக்கும்போதே வழி தெரிந்துவிடும். வயதில் மூத்த ஆசிரியர்கள் தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பது அந்த அறையில் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

ஆசிரியரின் நிஜமான பயம், நாற்பது பிள்ளைகள் முன்னால் திரை கறுப்பாகி நிற்பதுதான். அதனால் இணைப்பு வேலையைத் தனியாகப் பழக்குங்கள். எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொருவரும் தனியாளாக ஆரம்பத்திலிருந்து செய்யட்டும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகுவது, புரொஜெக்டரில் சரியான சோர்ஸைத் தேர்ந்தெடுப்பது, படம் வராவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு பி (P) எழுத்தை அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும்படி டூப்ளிகேட் வைப்பது, ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. வகுப்பு நேரத்தில் சொந்த மெசேஜ் திரையில் குதிக்காமல் நோட்டிபிகேஷனை அணைத்து வைப்பதும் இதில் சேர்த்தி. இன்னொரு சின்ன விஷயம்: பவர்பாயிண்ட் ஓடும்போது விசைப்பலகையில் பி (B) அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். பிள்ளைகளின் கண் திரையிலிருந்து ஆசிரியர் பக்கம் திரும்ப இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் கையில் கருவியே இல்லாத வகுப்புகளுக்கு எரிக் மசூர் முறையைப் பழக்குங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய அவர் 1991 முதல் பயன்படுத்திய முறை இது. திரையில் ஒரு கேள்வி, நான்கு விடைகள். பிள்ளைகள் தனியாக யோசித்து ஓட்டுப் போடுவார்கள். ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி ஓட்டு. ஓட்டுக்கு மெஷின் தேவையில்லை, ஏ பி சி டி எழுதிய அட்டைகள் போதும். கஷ்டம் முழுக்கக் கேள்வி தயாரிப்பதில்தான். தவறான மூன்று விடைகளும் பிள்ளைகள் நிஜமாகவே நம்புகிற தவறுகளாக இருக்க வேண்டும். பயிற்சியில் ஒரு மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் ஒவ்வொரு விடையையும் சரிபார்த்து, பிழையானதைச் சிவப்பில் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர், படம், மதிப்பெண் எதையும் அதில் போடக் கூடாது.

மதியத்துக்கு மேல் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக உட்காரட்டும். நடுவில் ஒருமுறை நான் வைஃபையை அணைத்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். ஃபெட் பாவனையை முதல்நாளே டவுன்லோடு செய்து வைத்தவர் அசராமல் தொடருவார். மற்றவர்கள் அன்றே அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதோடு முடிக்காதீர்கள். விளக்கமும் செய்முறையும் பயிற்சி அறையோடு நின்றுவிடும், வகுப்புவரை போய்ச் சேரச் சக ஆசிரியர் கூடவே இருந்து உதவ வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். இன்றும் முதலில் வெட்டப்படுவது இதற்கான நேரம்தான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஜோடியாக உட்கார்ந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் ஒருவர் வகுப்பில் மற்றவர் ஒரு பீரியடு உட்காரும்படி, தலைமை ஆசிரியரிடம் பேசி கால அட்டவணையிலேயே இடம் வாங்கிவிடுங்கள். பார்க்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஆசிரியர் கேள்வி கேட்டபோது எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள்?

அப்புறம் எல்லோரையும் இரண்டாவது முறை கூட்டுங்கள். கருவியைக் கைவிட்டவர்களை முதலில் பேச விடுங்கள். புரொஜெக்டர் அறைச் சாவி யாரிடம் என்று தெரியவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் திரை தெரியவில்லை, பிளக் பாயிண்ட் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிறது என்கிற மாதிரி காரணங்கள் வரும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, தீர்க்க வேண்டியவர் பெயரையும் தேதியையும் எதிரில் போட்டு, கூட்டம் கலைவதற்குள் தலைமை ஆசிரியர் கையில் கொடுங்கள்.