கீமோ நேரத்துல வீடியோ கால்ல எக்சர்சைஸ் பண்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

"பேசாம படுத்து ரெஸ்ட் எடு"ன்னு வீட்ல எல்லாரும் சொல்லுவாங்க, பாசத்துல சொல்றதுதான், ஆனா முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. படுத்தே கிடந்தா தசை கரையும், அசதி இன்னும் கூடும், வாந்தி வராம இருக்கக் குடுக்குற டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டும் தொடைத் தசைய வலுவிழக்க வைக்கலாம். குணப்படுத்துற நோக்கத்தோட ட்ரீட்மென்ட் எடுக்கிறவங்களுக்கு நடை மாதிரி பயிற்சியும் தசைப் பயிற்சியும் டாக்டர்களே பரிந்துரைக்கணும்னு அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி 2022லயே சொல்லிடுச்சு.

அதுக்காக ஏதோ ஒரு யூடியூப் வீடியோவப் போட்டு ஆரம்பிச்சிடாதீங்க, முதல்ல உங்க கேன்சர் டாக்டர்ட்ட கேளுங்க. வீடியோ கால்ல பயிற்சி சொல்லித் தர்ற பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் எதையும் மறைக்காதீங்க, அவங்களுக்கு ஸ்கிரீன்ல தெரியிறது மட்டும்தான் தெரியும். மருந்து ஏத்த நெஞ்சுத் தோலுக்கு அடியில வைக்கிற போர்ட் இருக்கா, கை நரம்பு வழியா போடுற பிக் லைன் டியூப் இருக்கா, எலும்புக்குக் கேன்சர் பரவியிருக்கா, கடைசி பிளட் டெஸ்ட்ல ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் எவ்வளவு, எல்லாத்தையும் சொல்லணும். முதுகெலும்புல பரவியிருந்தா குனிஞ்சு முறுக்கிப் பண்ற ஒரு பயிற்சியே எலும்ப உடைச்சிடலாம்.

என்ன மருந்து ஏறுதுன்னும் கண்டிப்பா சொல்லுங்க. ஆக்சாலிபிளாட்டின் போட்ட சில நாளைக்கு சில்லுன்னு எதத் தொட்டாலும் விரல்ல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், ஏசி ரூம்ல கிடந்த இரும்பு டம்பெல்ல எடுத்தா அப்படியே கைய விட்டு நழுவி கால்ல விழலாம். அந்த நாள்ல சாதாரணத் தண்ணி நிரப்புன பாட்டில் போதும். பாக்லிடாக்சல்னா பாதம் மரத்துப் போகலாம், காலுக்குத் தரை சரியா உணராது, அதனால ஒத்தக் கால் பயிற்சிய தனியா நின்னு பண்ணாதீங்க. நாற்காலிய சுவரோட ஒட்டிப் போட்டு உக்காந்து எந்திரிக்கிறதே அருமையான தொடைப் பயிற்சி, ஆனா பக்கத்து ரூம்லயாவது யாராவது இருக்கணும்.

இன்னொரு தப்பு, முகம் மட்டும் தெரியிற மாதிரி போனை வைக்கிறது. முட்டியும் முதுகும் தெரியலன்னா பிசியோ எதத் திருத்துவாங்க? பக்கவாட்டுல, தலைலருந்து பாதம் வரைக்கும் தெரியிற மாதிரி வைங்க.

ஸ்டீராய்டு போட்ட ஒண்ணு ரெண்டு நாள் உடம்பு தெம்பா இருக்கும், அத நம்பி சிலர் தூக்குற எடையக் கூட்டிடுவாங்க, அப்புறம் நாலாவது நாள் எந்திரிக்கவே முடியாது. வாரத்துக்கு ரெண்டு தடவை, மூச்ச அடக்காம, எட்டுலருந்து பதினஞ்சு தடவை தூக்க முடியிற எடை போதும், முடியாத நாள்ல பாதியாக் குறைங்க.

காய்ச்சல் 100.4 டிகிரி வந்துட்டா பயிற்சிய மறந்துடுங்க, பாராசிட்டமால் போட்டுட்டுக் காத்திருக்காம, அது நடுராத்திரியா இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டுக் கிளம்புங்க.