அப்பாவின் பேச்சுக் கருவியை மெடிகேரிடம் கேட்டு வாங்கிய விதம்

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் வழியாக, எழுதுவதைக் குரலாக்கும் கருவி கேட்டுப் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்த வாரத்தில் அப்பாவின் பேச்சில் ‘ர’வும் ‘ல’வும் கழன்று போயிருந்தன. காலை என்கிறாரா, காரை என்கிறாரா என்பது அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். இங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் நெடுஞ்சாலை வரைபடம் வரைந்தவர் அப்பா. நரம்புகள் படிப்படியாகச் செயலிழந்து தசைகள் ஓய்ந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய் முதலில் அவருடைய கையைப் பிடித்தது, அடுத்து நாக்கை.

திருப்பி அனுப்பியது மெடிகேர் இல்லை, கருவி விற்கும் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பணத்துக்காக மெடிகேரிடம் பில் போடுவது நாம் அல்ல, விற்பவர்தான். தாள்களில் ஓட்டை இருந்தால் அவருக்குப் பணம் வராது. அதனால் அவரும் கருவியை அனுப்ப மாட்டார். எங்கள் தாள்களில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவற்றைச் சொன்னாலே பாதி வழிகாட்டி முடிந்துவிடும்.

ஒன்று, தேதி. பேச்சு சிகிச்சையாளரின் மதிப்பீட்டு அறிக்கை முதலில் மருத்துவரின் கைக்குப் போக வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவர் கருவிக்கான உத்தரவில் கையெழுத்திட வேண்டும். எங்கள் மருத்துவர் நல்லெண்ணத்தில் 3ஆம் தேதியே கையெழுத்திட்டுவிட்டார். அறிக்கை போய்ச் சேர்ந்தது 9ஆம் தேதி. அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து.

இரண்டு, அறிக்கை. அதில் இருந்த முக்கியமான வரி: “குடும்பத்தினருடன் உரையாட இக்கருவி உதவும்.” இரக்கமுள்ள வரிதான், ஆனால் ஒரு டாலர்கூடப் பெற்றுத் தராது. பேச்சின் பாதிப்பு எவ்வளவு, இனி எப்படிப் போகும், அன்றாடத் தேவைகளைப் பேசியோ எழுதியோ சைகையாலோ ஏன் தீர்த்துக்கொள்ள முடியாது, இந்தக் கருவியும் இந்தத் துணைப்பாகங்களும்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் என்ன, பழக்குவதற்குத் திட்டம் என்ன என்று விதிகள் ஒவ்வொன்றாகக் கேட்கின்றன. எழுதித் தரும் சிகிச்சையாளர் விற்பனை நிறுவனத்தின் ஊழியராக இருக்கக் கூடாது, அதனோடு பண உறவும் இருக்கக் கூடாது. நிறுவனம் அனுப்பும் ஆள் கருவியை இயக்கிக் காட்டலாம், அறிக்கை எழுதக் கூடாது.

இரண்டாம் முறை நான் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள், அப்பா சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போன ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்தேன். இரவு 2.10: மூச்சுக்கருவியின் முகமூடி விலகியது, யாரையும் கூப்பிட முடியவில்லை. மாலை 5: அம்மா சமையலறையில், அப்பா கூடத்தில். எழுத்துப் பலகையைக் காட்டிப் பேசலாம்தான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். மருத்துவமனையில்: வலி எந்தத் தோளில் என்று கேட்டார்கள், பதில் சொல்ல ஆறு நிமிடம். விரலால் அழுத்தும் மலிவான கருவியையும் வைத்துப் பார்த்தோம், விரல் பொத்தானுக்குப் போகவில்லை. பார்வை எந்த எழுத்தில் நிற்கிறதோ அதைப் பதியும் கண்ணசைவுக் கருவியில் மூன்றாம் நாளே இடது தோள் வலிக்கிறது என்று நாற்பது வினாடியில் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். புதிய சிகிச்சையாளர் அந்த நோட்டை வாங்கி, கிட்டத்தட்ட அப்படியே அறிக்கையில் இறக்கினார். மலிவானது ஏன் தோற்றது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். நல்லது எப்படி வேலை செய்தது என்பதை மட்டும் எழுதினால் போதாது.

சோதித்துப் பார்க்கக் கருவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நிறுவனங்களே சில வாரங்களுக்குத் தருகின்றன. அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் உதவிக் கருவித் திட்டம் ஒன்று உண்டு, அங்கே இரவல் கிடைக்கும்.

கொஞ்சம் வரலாறு, சுருக்கமாக. 2000 வரை மெடிகேர் இவற்றை வெறும் வசதிப் பொருள்கள் என்று ஒதுக்கியது. 2001 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் சக்கர நாற்காலி போல மருத்துவச் சாதனமாக ஏற்றது. 2014இல் வாடகை முறைக்கு மாற்றிச் சிக்கலாக்கினார்கள். வாடகை மாதங்கள் முடியும் முன் நோயாளி மருத்துவ விடுதிக்குப் போனால் வாடகைப் பணம் நின்றுவிடும். ஏ.எல்.எஸ். வந்த அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஸ்டீவ் கிளீசன் பெயரில் 2015இல் வந்த சட்டம் அதை மாற்றியது. கருவி நோயாளிக்கே சொந்தமாயிற்று, கண்ணசைவுப் பாகத்துக்கும் பணம் உறுதியாயிற்று. 2018இல் அது நிரந்தரமாயிற்று.

பணக்கணக்கு: மெடிகேரில் மருத்துவர், சாதனச் செலவுகளுக்கான பகுதி பார்ட் பி. அதில் ஆண்டுதோறும் முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை (2025இல் 257 டாலர்) போக, மெடிகேர் ஏற்கும் விலையில் 80 விழுக்காட்டை அது கொடுக்கும். கருவி, கண்ணசைவுப் பாகம், தாங்கி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 15,000 டாலரைத் தாண்டியது. மீதி 20 விழுக்காடே 3,000 டாலருக்கு மேல். அதைத் துணைக் காப்பீடு ஏற்றது. அது இல்லாதவர்கள், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்குத் தகுதி உண்டா என்று முதலிலேயே பாருங்கள். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டமான மெடிகேர் அட்வான்டேஜில் இருப்பவர்கள் பெரும்பாலும் முன்அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

சாதாரண டேப்லெட்டுக்கு மெடிகேர் பணம் தராது. ஆனால் நீங்களே வாங்கிய டேப்லெட்டில் போடும் பேச்சு மென்பொருளுக்குத் தரும். இது எங்கள் வட்டாரத்தில் பலருக்குத் தெரியவில்லை. பேச்சுக் கருவியில் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் இருக்கலாம், அதற்கு மேலான வசதிகளைத் திறக்க உங்கள் பணம். பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கருவிதான், எனவே இன்றைய கைக்காக வாங்காமல் நாளைய கண்ணுக்காக வாங்குங்கள்.

ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பில் சேரும் முன் கருவி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். சேர்ந்தபின் அந்த நோய்க்கான சாதனங்களெல்லாம் ஹாஸ்பிஸின் மொத்தத் தொகைக்குள் போய்விடும், இவ்வளவு விலையுள்ளதை அங்கே கேட்டு வாங்குவது கடினம். இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

மெடிகேர் மறுத்தால் முதல் முறையீட்டுக்கு 120 நாள் இருக்கிறது. அதிலும் மறுத்தால் அடுத்ததற்கு 180 நாள். மறுப்புக் கடிதத்தின் உறையைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், குரல் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஜான் காஸ்டெல்லோ பரப்பிய முறை: தான் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களை நோயாளியே தன் குரலில் பதிந்துவைத்து, பிறகு கருவியில் ஏற்றிக்கொள்வது. இதற்குச் செலவில்லை. அப்பா அறிக்கைக்காக ஆங்கிலத்தில் பேசினார், பாதி இரவில் தமிழில்தான் பேசுவார். அதனால் தமிழிலேயே 214 வாக்கியங்கள் பதிந்தோம். “போதும்”, “கண்ணாடி எங்கே”, “மெதுவாக, மெதுவாக”, “சாம்பாரில் உப்பு இல்லை”. பதியும்போது ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள். நாங்கள் அணைக்கவில்லை. இப்போது அப்பா எதைச் சொன்னாலும் பின்னால் எங்கள் பழைய வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுகிறது, உப்பைப் பற்றிய புகாரில் மட்டும் மிக்ஸியும் சேர்ந்து ஓடுகிறது.