குதிரையோடு குழந்தையைப் பழக்குவது எப்படி

மாற்றுத்திறனாளிக் குழந்தையைக் குதிரையோடு பழக்க வரும்போது, முதல் நாளே குதிரை மேல் ஏற்றிப் படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பழக்கம் தரையில்தான் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் மருத்துவரைப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்தின் உச்சியில் உள்ள இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். குலுக்கலில் தண்டுவடம் அடிபடலாம். பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை) என்றால் இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று எக்ஸ்ரே வேண்டும். கட்டுக்குள் வராத வலிப்பு இருந்தால் சவாரி வேண்டாம்.

குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் கண் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே தோள் பக்கமாக வாருங்கள். வீல்சேர் என்றால், முதலில் காலி வண்டியை உருட்டிக் காட்டுங்கள்; குதிரை முகர்ந்து பார்க்கட்டும். பிறகு குழந்தையோடு தோளுக்குச் சற்றுத் தள்ளிச் சாய்வாக நிறுத்துங்கள். நேராக ஒட்டி நிறுத்தினால், குதிரை கால் மாற்றும்போது குளம்பு கால்தட்டில் மாட்டும். சுவருக்கும் குதிரைக்கும் நடுவில் வண்டி போகவே கூடாது. ஒருவர் கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும்.

முதல் சில வாரம் தேய்த்துவிடுவது மட்டுமே வேலை. மென்மையான பிரஷ், கழுத்திலிருந்து தோள் வரை, மயிர் படிந்த திசையில். வயிற்றுப் பக்கம் வேண்டாம், கூசும். விரல் இறுகும் குழந்தைக்குக் கையுறைபோல் மாட்டும் பிரஷ் நல்லது. பிடரி மயிரை இறுகப் பற்றிக்கொண்டால் விரலைப் பிரிக்கப் போராடாதீர்கள், இன்னும் இறுகும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்கினால் பிடி தளரும். பிடரியை இழுப்பதைப் பல குதிரைகள் பொருட்படுத்தாது. காதைப் பிடித்தால்தான் வம்பு.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அதே குதிரை, அதே ஆள், அதே வரிசை. லாயத்தின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குதிரையைத் துடைத்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக்குங்கள்.

கேரட்டை வாளியில் போடச் சொல்லுங்கள். உள்ளங்கையைத் தட்டையாக விரிக்க முடியாத குழந்தையின் விரலைக் குதிரை கேரட் என்றே நினைக்கும்.

குதிரை காதைப் பின்னால் ஒட்ட மடக்கினாலோ வாலைச் சுழற்றி அடித்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

ஏற்றும் நாளில் கயிறு பிடிக்க ஒருவர், இரு பக்கமும் ஒவ்வொருவர். ஏறச் சாய்தளம் வேண்டும். ஆள் துணையோடு ஏறுவதில் தயக்கம் வேண்டாம்: போலியோவால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டெல் அப்படி ஏறித்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். தொடை இறுகும் குழந்தைக்கு ஒல்லியான முதுகுள்ள குதிரையாகப் பாருங்கள். அகன்ற முதுகு தொடையை வலுக்கட்டாயமாக விரித்து, இறுக்கத்தைக் கூட்டும். சேணத்துக்குப் பதில் கைப்பிடி வைத்த மெத்தை போட்டால் குதிரையின் உடல் சூடு, ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ், தொடைக்கு எட்டும், தசை தளரும். நடை மட்டும், ஓட்டம் வேண்டாம். 10 நிமிடம் போதும். குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தால் நடையிலேயே தள்ளி நிமிர்த்தாமல், குதிரையை நிறுத்திவிட்டு இடுப்பை நேராக்குங்கள்.

இறங்கியதும் கால் துவளும், பிடித்துக்கொள்ளுங்கள். குதிரையை விட்டு விலகும் வரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.