யாரும் நேர்மையா இல்லாட்டியும் நேர்மைன்னு ஒன்னு இருக்குமா? யோசிக்கிற முறை

இந்தக் கேள்விக்கு உடனே ஆமா இல்லன்னு சொல்லிறாதீங்க, முதல்ல கைக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு உதாரணத்த எடுங்க. 18 கிலோ எடுத்தாதான் முழுப் பேரு, அதாவது முழு நாள் சம்பளம்னு வச்சிருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துல ஒரு அக்கா 19 கிலோ கொழுந்த மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு கொண்டு வாராங்க, சாக்கு, ஈரம்னு சொல்லி 2 கிலோவ கழிச்சிறாங்க, அன்னைக்கு அவங்களுக்கு அரைப் பேருதான். அங்க நேர்மை எங்க இருக்கு, தராசுலயும் இல்ல எழுதுற ஆள்கிட்டயும் இல்ல, ஆனா அந்த அக்கா "இது அநியாயம்"னு சொன்னா அது உண்மைதானே.

அடுத்து நேர்மை, நட்பு மாதிரி ஒரு மதிப்பு வேற, அத தாங்குற ஆள் வேறன்னு பிரிச்சுப் பாருங்க. கூட்டாளி துரோகம் செஞ்சாலும் நட்போட மதிப்பு குறையாதுன்னு ஜெர்மன் தத்துவக்காரர் மாக்ஸ் ஷேலர் சொன்னாரு. மதிப்பு ஆள விட்டுத் தனியா இருக்குங்கிற இந்தப் பக்கம்தான் பிளேட்டோவும், அரிஸ்டாட்டில் அத ஒத்துக்கல.

இப்ப பெரிய உதாரணத்துக்கு வாங்க. இலங்கையோட 1948 குடியுரிமைச் சட்டத்தால நம்ம மலையகத் தமிழ் ஆளுங்க லட்சக்கணக்குல நாடற்றவங்களா ஆனாங்க, 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு பாதிக்கு மேல பேர இந்தியாவுக்கு கப்பலேத்த முடிவு பண்ணாங்க, கடைசியா மிச்சம் இருந்தவங்களுக்கு 2003லதான் சட்டம் வந்துச்சு. சட்டத்துல இருக்கிறதுதான் நீதின்னா அதுவரைக்கும் நமக்கு அநியாயமே நடக்கலன்னு ஆயிரும், அத நான் எப்பவும் ஒத்துக்க மாட்டேன்.

இங்க ஒருத்தர் மடக்குவாரு, சட்டத்துல இல்லாட்டியும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) சனங்க மனசுல நீதி இருந்துச்சே, அப்ப அதுதானே அதுக்கு இடம்னு. நல்ல கேள்விதான், அவசரப்படாம நின்னு யோசிங்க. அந்த சனங்களே "எல்லாம் தலையெழுத்து"ன்னு நம்பி சும்மா இருந்திருந்தா நடந்தது சரின்னு ஆயிருமா? ஆகாது. அதனால யாரோட மனசுலயும் இல்லாட்டியும் அது அநியாயம்தான். மதிப்பு தனியா இருக்குன்னா அது உலகத்துல வேற எது மாதிரியும் இல்லாத விசித்திரப் பொருளா இருக்கணும்னு 1977ல ஜே. எல். மேக்கிங்கிற தத்துவக்காரர் எழுதுனாரு, அத நீங்களும் எடை போட்டுப் பாருங்க, ஆனா விசித்திரமா இருக்குங்கிறதுக்காக மட்டும் இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா மனுசரே இல்லாத வெறும் காட்டுமலையில நீதி இருக்குமான்னு கேட்டா, எனக்கு இருக்கும்னு தோணல, அங்க அநியாயம் செய்யவும் படவும் ஆளில்லையே. அதனால யாராவது இத வாதிட வந்தா, யாரும் கடைப்பிடிக்காத இடத்த பத்தி பேசுறீங்களா, ஆளே இல்லாத இடத்த பத்தியான்னு முதல்லயே கேட்டுருங்க, ரெண்டுக்கும் பதில் வேற வேற.