கண்மாய்க்கு மேலே ஒரு விளக்கு: பலூன் கட்டித் தொலைநோக்கிக்கு முத்திரை குத்துவோம்

காய்கறிக் கடைத் தராசு சரியா என்று சந்தேகம் வந்தால், முத்திரை குத்திய எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம். கேமரா பொருத்திய தொலைநோக்கியும் ஒரு தராசுதான். விண்மீனின் ஒளியை எடை போட்டு ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண் சரியா என்று பார்க்க, வழக்கமாக வேகாவை எடைக்கல்லாக வைக்கிறோம். நம் பஞ்சாங்கம் அபிஜித் என்று சொல்லும் அதே விண்மீன். சரி, வேகாவுக்கு முத்திரை குத்தியது யார்?

1970களில் அமெரிக்காவில் சிலர் குத்தினார்கள். அளவு தெரிந்த விளக்குகளையும் உலைகளையும் தொலைநோக்கிக்குச் சற்றுத் தூரத்தில் வைத்து வேகாவோடு ஒப்பிட்டார்கள். விளக்கின் ஒளி தரையோரக் காற்றில் கொஞ்ச தூரம்தான் வருகிறது. வேகாவின் ஒளியோ வளிமண்டலம் முழுவதையும் துளைத்து வருகிறது. இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத்தான் கழிக்க வேண்டியிருந்தது.

விளக்கையே மேலே அனுப்பினால்? 20 கி.மீ. உயரத்தில் ஒரு பலூன் நின்றால் வளிமண்டலத்தின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அதற்குக் கீழே இருக்கும். அங்கிருந்து வரும் ஒளி, விண்மீன் ஒளி கடக்கும் காற்றையே கிட்டத்தட்ட முழுதாகக் கடக்கிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ஆல்டேர் திட்டத்தின் யோசனை இதுதான். அமெரிக்காவின் நாசா, லேண்டோல்ட் என்ற செயற்கை விண்மீனையே விண்ணில் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறது. இவ்வளவு பாடு எதற்கு? பிரபஞ்சம் வேகமெடுத்து விரிகிறது என்று 1998இல் சொன்னார்களே, அது தொலைதூரச் சூப்பர்நோவாக்களின், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களின், ஒளியை எடை போட்டுச் சொன்னது. எடைக்கல்லில் ஒரு சதவீதம் பிசகினாலும் அங்கே கணக்கு ஆடும்.

நாம் செய்யப்போவது இதன் குட்டித் தம்பி. 40 மீட்டர் உயரத்தில் கயிறு கட்டிய பலூன், அதில் ஓர் எல்.இ.டி. இது காற்றை அளக்காது, தொலைநோக்கிக்கு முத்திரை குத்தும். காற்று எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பது கடைசியில் தானாகக் கிடைக்கும்.

முதலில் அனுமதி

மதுரை விமான நிலையம் இருக்கும் திசைக்கே போகாதீர்கள். அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் பட்டம்கூட வேண்டாம். நான் போனது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வறண்ட கண்மாய். எங்கே செய்தாலும் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடம் ஆகாது. அனுமதி கிடைக்கவில்லையா? பலூனை விட்டுவிட்டு, தெரிந்தவர் வீட்டு மாடியில் ஒரு கம்பு நட்டு விளக்கைக் கட்டினாலும் பாதிக்கு மேல் கற்றுக்கொள்ளலாம்.

பலூன்

90 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பலூன் போதும். ஹீலியம் நிரப்பினால், பலூனின் சொந்த எடை போக 250 கிராமாவது தூக்கும். விழா அலங்காரம் செய்பவர்களிடம் ஹீலியம் கேளுங்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் விற்கும் கேஸ் பலூன்காரரிடம் மட்டும் போகாதீர்கள். அந்த மாதிரிப் பலூன்களில் பல சமயம் இருப்பது, காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தைப் போட்டு எடுத்த ஹைட்ரஜன். ஒரு தீப்பொறி போதும்.

கட்டுவதற்குத் தூண்டில் நரம்பு. மாஞ்சா நூல் கூடவே கூடாது.

விளக்கு

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

ஒரு வெள்ளை எல்.இ.டி.யை டேபிள் டென்னிஸ் பந்துக்குள் நுழைத்து ஒட்டுங்கள். பந்து ஒளியைப் பரப்பி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவாகக் காட்டும். பேட்டரியை நேரடியாக இணைத்தால் அது தீரத் தீர வெளிச்சம் இறங்கிவிடும். அதனால் மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சின்ன டிரைவர் பலகை ஒன்றை நடுவில் போடுங்கள். ஏற்றியதும் அளக்காதீர்கள். எல்.இ.டி. சூடேறும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும். அரை மணி நேரம் எரியட்டும்.

அப்புறம் ஜன்னலை எல்லாம் அடைத்த இருட்டறையில், பந்தின் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி லக்ஸ் மீட்டரை, அதாவது மேலே விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவியை, வையுங்கள். 12.5 லக்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரத்தை மீட்டரில் எழுதி இரண்டு முறை பெருக்குங்கள்: 12.5 × 0.2 × 0.2 = 0.5 கேண்டெலா. அதாவது அரை மெழுகுவர்த்தி. இதுதான் உங்கள் முத்திரை.

அரை மெழுகுவர்த்தி என்ன பிரமாதம் என்று நினைக்க வேண்டாம். ஒரு முழு மெழுகுவர்த்தியை 630 மீட்டர் தள்ளி வைத்தால் அது வேகா அளவுக்கு ஒளிரும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்று. நம் அரை மெழுகுவர்த்தியை 300 மீட்டரில் வைத்தால் 0.5 ÷ (300 × 300), அதாவது 5.6 மைக்ரோலக்ஸ் (லக்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோலக்ஸ்). வேகாவைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். இரண்டையும் ஒரே கேமரா அமைப்பில் எடுக்கத் தோதான அளவு.

விளக்கைப் பலூனுக்கு 3 மீட்டர் கீழே தொங்கவிடுங்கள். நான் முதல் தடவை பலூனின் அடியிலேயே ஒட்டிவிட்டேன். பலூனே வெளிச்சத்தில் பளபளத்து, படத்தில் விளக்குக்குப் பதில் ஒரு குட்டி நிலா!

கண்மாயில்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பலூன் எம்மாத்திரம். பங்குனி பிறக்கும் நேரம், விடியலுக்கு முன், இதுதான் எனக்குச் சரிப்பட்டது. காற்று அடங்கியிருக்கும், வேகாவும் வடகிழக்கில் ஏறிக்கொண்டிருக்கும். மார்ச் நடுவில் அதிகாலை மூன்றேகாலுக்கு அது சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும், ஐந்து மணிக்கு 48 டிகிரி வாக்கில்.

பலூன் கட்டும் இடத்திலிருந்து 300 மீட்டர் தள்ளித் தொலைநோக்கியை வையுங்கள். பலூனை ஒற்றை நரம்பில் கட்டினால் லேசான காற்றுக்கே சாய்ந்துவிடும். 40 மீட்டர் நரம்பு 20 டிகிரி உங்கள் பக்கம் சாய்ந்தால் விளக்கு 14 மீட்டர் நெருங்கி வந்துவிடும். வெளிச்சத்தில் பத்து சதவீதம் போல் பிழை. அதனால் பந்தலுக்கு முளை அடிப்பதுபோல மூன்று பக்கம் முளை அடித்து மூன்று நரம்பால் இழுத்துக் கட்டுங்கள். உயரத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். 300 மீட்டர் தூரத்துக்கு 40 மீட்டர் உயரம் கூட்டுவது மூன்று மீட்டருக்கும் குறைவு.

அந்தக் கண்மாயில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த கீதாரி, "காத்து திரும்புது தம்பி, எறக்கிருங்க" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் பலூன் ஆட ஆரம்பித்தது. அதிலிருந்து அவர் சொன்னால் சரி என்று இறக்கிவிடுவோம்.

படம் எடுப்பது

ரா வடிவம் (கேமரா திருத்தாத கோப்பு), ஒரே ஐ.எஸ்.ஓ. (உணர்திறன்), ஒரே எக்ஸ்போஷர் (ஒளி விழும் நேரம்). தானியங்கி எதுவும் வேண்டாம். குவியத்தைச் சற்றுக் கலைத்து, ஒளியை ஒரு சின்ன வட்டமாகப் பரப்புங்கள். இல்லாவிட்டால் நடுப் பிக்சல்கள் நிரம்பி வழிந்து கணக்கு கெடும். விளக்கை 30 படம், வேகாவை மூன்றேகாலுக்கு 30, ஐந்து மணிக்கு 30. லென்ஸ் மூடியைப் போட்டுச் சில இருட்டுப் படங்களும் எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை மறுபடி இருட்டறையில் அளந்து, இரண்டு அளவுக்கும் சராசரி போடுங்கள்.

கணக்கு

சிரில் என்ற இலவச மென்பொருள் போதும். இருட்டுப் படத்தைக் கழித்து, பச்சை நிறத்தை மட்டும் எடுத்து, வட்டத்துக்குள் இருக்கும் எண்களைக் கூட்டி, சுற்றியுள்ள வானத்தின் அளவைக் கழியுங்கள். பச்சை ஏன் என்றால், லக்ஸ் மீட்டரின் பார்வைக்கு அதுதான் நெருக்கம். வெள்ளை எல்.இ.டி.யின் நீலம் வேகாவின் நீலத்தோடு ஒத்துப்போகாது.

விளக்கின் கூட்டுத்தொகைதான் 5.6 மைக்ரோலக்ஸ். வேகாவின் தொகையை அதனோடு விகிதம் போடுங்கள். உதாரணத்துக்கு, ஐந்து மணிக்கு 1.7, மூன்றேகாலுக்கு 1.4 வருகிறது என்று கொள்வோம். வளிமண்டலத்துக்கு வெளியே வேகா 2.5 மைக்ரோலக்ஸ். மீதியைக் காற்று விழுங்கியிருக்கிறது.

30 டிகிரியில் ஒளி கடப்பது, தலைக்கு நேர் மேலே இருக்கும் காற்றைப் போல் 2 மடங்கு. 48 டிகிரியில் 1.35 மடங்கு. அரை மடக்கைத் தாளில் (மைக்ரோலக்ஸ் மடக்கை அச்சில், காற்றின் மடங்கு சாதாரண அச்சில்) இந்த இரண்டு புள்ளிகளையும் குறித்து, கோட்டைக் காற்றே இல்லாத 0 வரை நீட்டுங்கள். கோடு 2.5க்குப் பக்கத்தில் போய் முட்டினால் உங்கள் முத்திரை சரி.

ரொம்பக் கீழே முட்டினால் விளக்குக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் காற்றைச் சந்தேகியுங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது நேர் எதிர். நடுவில் பனி இருந்தால் விளக்கு மங்கி, வேகா கூடுதலாகத் தெரியும், கோடு மேலேதான் போகும். முதல் நாள் பகலில் 20 கி.மீ. தள்ளியுள்ள மலை மங்கலாகத்தான் தெரிந்தது என்றால், அந்த 300 மீட்டரிலேயே ஆறு சதவீதம் போல் போய்விடும். கோடு கீழே முட்டினால் லக்ஸ் மீட்டரையும் அந்த 20 செ.மீ.யையும் முதலில் பாருங்கள்.

விளக்கின் கூட்டுத்தொகைக்கும் 5.6 மைக்ரோலக்ஸுக்கும் உள்ள விகிதத்தைத் தேதி, ஐ.எஸ்.ஓ., எக்ஸ்போஷரோடு நோட்டில் எழுதி வையுங்கள். நம்மூர்த் தூசியில் கண்ணாடி மங்கிக்கொண்டே வரும். ஆறு மாதம் கழித்து அதே பந்தை அதே தூரத்தில் ஏற்றினால் எவ்வளவு மங்கியது என்பதும் தெரிந்துவிடும்.