பழைய ஸ்மித் அண்ட் வெசன் .38 ரிவால்வர்: மாடலும் மதிப்பும் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெசன் 1880-ல் கொண்டுவந்த .38 டபுள் ஆக்‌ஷன், அமெரிக்கப் பழம்பொருள் சந்தையில் இன்றும் அடிக்கடி கிடைக்கிறது. விசையை இழுத்தாலே ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தி) பின்னால் போய்த் திரும்பி அடிக்கும். குண்டு ஐந்து. பார்த்துப் பழக இதைவிட நல்ல மாடல் இல்லை.

1. காலியா என்று பாருங்கள். குழலின் பின்முனையில் மேலே இருக்கும் தாழ்ப்பாளைத் தூக்கினால் குழல் முன்பக்கமாக மடங்கும். சிலிண்டரின் (குண்டு போடும் சுழல் உருளை) ஐந்து அறைகளையும் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தடவிப் பாருங்கள்.

2. குழலின் மேல்முதுகைப் படியுங்கள். கம்பெனி பெயரோடு சில தேதிகள் இருக்கும். அவை காப்புரிமைத் தேதிகள், தயாரித்த ஆண்டு அல்ல. முதல் முறை வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். கைப்பிடியில் ஆந்தைத் தலை இருந்தால் அது ஐவர் ஜான்சன் என்ற வேறு கம்பெனியின் துப்பாக்கி. அச்சு அசல் இதே போலிருக்கும், விலை குறைவு.

3. கைப்பிடியின் அடியில் சீரியல் எண் இருக்கும். சுமார் 4,000 வரை முதல் மாடல், 1,19,000 வரை இரண்டாவது, 3,22,700 வரை மூன்றாவது (1884–1895), 5,39,000 வரை நான்காவது, மிச்சம் ஐந்தாவது. எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு மூடியின் ஓரங்கள் நேர்கோடாக இருந்தால்தான் முதல் மாடல். சிலிண்டரில் இரண்டு வரிசைப் பள்ளமும் சுற்றிலும் ஒரு காடியும் இருந்தால் முதல் அல்லது இரண்டாவது மாடல். சிலிண்டரின் பின்முகத்திலும் தாழ்ப்பாளிலும் அதே எண் இருக்க வேண்டும். மாறினால் வேறு துப்பாக்கியின் பாகம் சேர்ந்திருக்கிறது.

4. முலாம். விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் இதுதான், அவசரப்படாதீர்கள். தொழிற்சாலை நிக்கல் பூசியபோதும் ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) நீலக்கருப்பாகவே இருக்கும். ஹேமரிலும் விசையிலும் பதப்படுத்திய இரும்பின் திட்டுத்திட்டான நிறம் தெரியும். அவையும் பளபளவென்று நிக்கலாக இருந்தால் பிறகு யாரோ பூசியது. லென்ஸ் வைத்து எழுத்துகளைப் பாருங்கள்: மெருகுச் சக்கரம் பட்ட எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், திருகுத் துளையின் வாய் குழிந்திருக்கும், நிக்கலுக்கு அடியில் துருக்குழிகள் தெரியும். மறுமுலாம் பூசியதைவிட, பாதி உரிந்துபோன அசல் முலாமே மேல். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். பருத்தித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

5. ஹேமரைக் கட்டைவிரலால் மெதுவாக ஏற்றுங்கள். அது முழுதாக ஏறி நிற்கும்போது சிலிண்டர் ஆடாமல் பூட்டியிருக்க வேண்டும். இறக்கும்போது கட்டைவிரலை எடுக்காதீர்கள். வெறுமனே அடிக்கவிட்டால் ஹேமரின் மூக்கு உடையும். கீலிலும் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள்.

6. விலை. 3¼, 4 அங்குலக் குழல்கள் சாதாரணம். 8, 10 அங்குலம் அபூர்வம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்ததுதான் பழம்பொருள். மூன்றாவது மாடல் வரை அந்தக் கவலை இல்லை. நான்காவதில் ஆண்டு தெரிந்தாக வேண்டும். ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்று அறக்கட்டளையின் கடிதம், துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு அனுப்பப்பட்ட தேதியைச் சொல்லும். செய்து பல காலம் கிடங்கில் கிடந்துவிட்டு அனுப்பியவையும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலையோடு ஒப்பிடுங்கள்: அதே மாடல், அதே குழல் நீளம், அதே அளவு அசல் முலாம்.